பைலட் சீட்டுக்கு வயசு வரம்பு: வாசகர் கேள்வி, நம்ம பதில்

போன இதழ்ல ஒரு வாசகர், பயணிகள் விமானத்தை எத்தனை வயசு வரைக்கும் ஓட்டலாம்னு கேட்டிருந்தாரு. 65, அதை 67 ஆக்கணும்னு ஒரு கூட்டமும் கூடாதுன்னு ஒரு கூட்டமும் மல்லுக்கட்டிட்டு இருக்குன்னு எழுதியிருந்தேன். அதுக்கு வந்த கடிதாசியும் வாட்ஸ்அப்பும் ஏராளம், அதனால இந்தத் தடவை பக்கம் முழுக்க இதுக்கே. நம்ம குமரி மாவட்டத்துல ஏர்போர்ட் கிடையாது, ஆனா ராத்திரி நேரம் திருவனந்தபுரத்துல கல்ஃப் பிளேனுக்கு நிக்கிற வரிசையில போய் காது கொடுத்துக் கேளுங்க, மார்த்தாண்டம், கருங்கல், குளச்சல் பேச்சுதான் பாதி கேக்கும். ஏறி உக்காந்துட்டா நம்ம உசுரு முன்னால இருக்கிற அந்த ரெண்டு பேர் கையில. ஹேங்கர்ல விமானத்துக்கு மெயின்டனன்ஸ் பாத்தே காலத்தை ஓட்டினவன் நான், கேப்டன்மாரை பக்கத்துல நின்னு பாத்தவன், எனக்கு இதுல உறுதியா ஒரு கருத்து இருக்கு, அதை மறைக்காமலே எழுதியிருக்கேன்.

65ங்கிற நம்பர் எங்கேருந்து வந்துச்சு? டாக்டர்மார் ஆராய்ச்சி பண்ணிச் சொன்னதா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தக்கலை

இல்ல சார், இந்தச் சண்டைக்கு வேரே அதுதான். கதையை 60லேருந்து தொடங்கணும். 1950கள் கடைசியில அமெரிக்காவுல ஜெட் விமானம் வந்த நேரம், அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கம்பெனி 60 வயசானவங்களை வீட்டுக்கு அனுப்பப் பாத்துச்சு, பைலட்டுங்க ஒத்துக்கிடல, விவகாரம் மத்தியஸ்தர்கிட்ட போச்சு, அங்கேயும் பைலட் பக்கம்தான் தீர்ப்பு. உடனே கம்பெனி தலைவர் சி.ஆர். ஸ்மித், 1959ல அந்நாட்டு விமானத்துறையான எஃப்.ஏ.ஏ.வோட தலைவர் எல்வுட் கெசாடாவுக்கு கடிதம் எழுதுறாரு, இதுக்கு நீங்களே ஒரு விதி கொண்டு வாங்கன்னு. அந்த வருஷம் டிசம்பர்லயே விதி ரெடி, 1960 மார்ச்லேருந்து 60 வயசு ஆனவரு அமெரிக்க ஏர்லைன்ஸ் விமானத்தை ஓட்டக் கூடாது. கெசாடா 1961ல பதவியை விட்டாரு, விட்டுட்டு எங்க போய் உக்காந்தாருன்னு நினைக்கிறீங்க, அதே அமெரிக்கன் ஏர்லைன்ஸ் டைரக்டர்கள் குழுவுல.

வயசானா திடீர்னு மாரடைப்பு வரலாம், கண்ணும் கையும் பழைய வேகத்துல வேலை செய்யாதுங்கிற கவலை நிஜமானதுதான், அதை யாரும் மறுக்கல. ஆனா கோடு ஏன் 60ல விழுந்துச்சு, 58லயோ 63லயோ ஏன் விழல? அதுக்கு மருத்துவக் கணக்கு எதையும் யாரும் அன்னைக்கு முன்னால வைக்கல. கம்பெனிக்கு ஒரு கோடு வேணும், கோடு வந்துச்சு.

அப்புறம் 2006 நவம்பர்ல ஐகாவோன்னு சொல்ற ஐ.நா. விமான அமைப்பு 60ஐ 65 ஆக்கினாங்க, கூடவே ஒரு நிபந்தனை, கேப்டன் 60 தாண்டினவருன்னா பக்கத்து சீட்டுல இருக்கிறவரு 60க்குக் கீழ இருக்கணும். 2007 டிசம்பர்ல அமெரிக்காவும் 65க்கு மாறிச்சு. 2014ல அந்த ஜோடி நிபந்தனையையும் ஐகாவோ எடுத்துட்டாங்க. ஜெர்மனியில லுஃப்தான்சா தன் பைலட்டுகளை 60லயே நிறுத்திட்டு இருந்துச்சு, 2011ல ஐரோப்பிய நீதிமன்றம் அது வயசுப் பாகுபாடு, செல்லாதுன்னு சொல்லிட்டு, 2017ல வேற வழக்குல 65ங்கிற வரம்பு மட்டும் செல்லும்னு தீர்ப்பு கொடுத்துச்சு. அமெரிக்க பைலட் சங்கத்தைப் பாருங்க, 60 விதி வந்தப்போ எதிர்த்தாங்க, 1980ல அதே 60 நல்லதுன்னு ஆதரிச்சாங்க, 2007ல 65க்கு சரின்னாங்க, இப்போ 67 கூடாதுங்கிறாங்க. அவங்களைக் குத்தம் சொல்லல, அந்தந்த நேரத்துல உறுப்பினர்ல யாரு அதிகமோ அவங்க நலனை சங்கம் பாக்கத்தான் செய்யும். ஆனா அதுலேருந்து ஒண்ணு தெரியுது சார், இந்த நம்பர் நகர்ந்த ஒவ்வொரு தடவையும் டாக்டர் பேச்சை விட ஆள் கணக்குப் பேச்சுதான் சத்தமா கேட்டிருக்கு.

நம்ம ஊர்ல அரசு ஊழியருக்கு 60, களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் கேரளாவுல 56. ஒரு பாலம் தாண்டினா உடம்பு மாறிருமா?
– வாசகர், குழித்துறை

மாறாது. தமிழ்நாட்டுல 58 இருந்தது 2020ல 59 ஆச்சு, 2021ல 60 ஆச்சு, கொரோனா நேரம், ரிட்டையர் ஆகிறவங்களுக்கு மொத்தமா கொடுக்க வேண்டிய பணத்தைத் தள்ளிப் போடத்தான்னு அப்பவே எல்லாரும் பேசினாங்க. கேரளாவுல 56ஐக் கூட்டணும்னு பேச்சு எடுத்தாலே வேலைக்குக் காத்திருக்கிற பிள்ளைகள் ரோட்டுக்கு வந்திருவாங்க. ரெண்டு பக்கமும் உடம்பைப் பத்தின பேச்சே இல்ல. ஆபீஸ்ல ஃபைல் பாக்கிற வேலைக்கு அப்படி முடிவு பண்ணினா பெரிய ஆபத்து ஒண்ணும் வராது, 180 பேரை ஏத்திக்கிட்டுப் பறக்கிற வேலைக்கு அப்படிப் பண்ணலாமாங்கிறதுதான் என் கவலை.

எங்க வீட்டுக்காரரு குவைத்துல இருக்காவ, வருஷம் ஒரு தடவை வந்து போவாவ. போன தடவை கேப்டனுக்குத் தலையெல்லாம் நரைன்னு போன்ல சொன்னாவ. பறந்துட்டு இருக்கும்போது அவருக்கு நெஞ்சு வலி வந்தா என்ன ஆகும்? நினைச்சாலே பயமா இருக்கு.
– வாசகி, குலசேகரம்

தங்கச்சி, பயப்படாதே, ஆனா கேள்வி ரொம்ப சரியான கேள்வி, அதனால கொஞ்சம் விளக்கமாவே சொல்லுகேன்.

முதல்ல கணக்கு. விமான டாக்டர்மார் மத்தியில ஒரு சதவீத விதின்னு ஒண்ணு உண்டு. ஒரு பைலட்டுக்கு இன்னும் ஒரு வருஷத்துக்குள்ள திடீர்னு முடங்கிப் போற வாய்ப்பு நூத்துல ஒண்ணுக்கு மேல இருந்தா அவரு ஃபிட் இல்ல, இதுதான் விதி. ஒரு வருஷத்துல 8,760 மணி நேரம், சுமாரா பத்தாயிரம்னு வச்சுக்கோ. நூத்துல ஒண்ணுங்கிறதை மணிக்கணக்குக்கு மாத்தினா 10 லட்சம் மணி நேரத்துக்கு ஒரு தடவை. அதுலயும் ஏறுற நேரம், இறங்குற நேரம்தான் ஆபத்து, அது மொத்தப் பறப்புல பத்துல ஒரு பங்கு, அப்போ ஒரு கோடி மணி நேரத்துக்கு ஒண்ணு. அந்த நேரத்துல நடந்தாலும் பக்கத்துல இருக்கிறவரு காப்பாத்திருவாரு, நூறு தடவையில ஒரு தடவைதான் முடியாமப் போகும்னு வச்சா, நூறு கோடி மணி நேரத்துக்கு ஒண்ணுன்னு வந்து நிக்கும். ரெண்டு பேரு உக்காந்திருக்கிற காக்பிட்டுக்காகப் போட்ட கணக்கு இது. அதனாலதான் தனியா ஒரே பைலட் ஓட்டுற வியாபார விமானத்துக்கு ஐகாவோ இன்னைக்கும் 60லயே நிறுத்தி வச்சிருக்கு.

ரெண்டாவது, அந்தப் பக்கத்து சீட்டுக்காரரு என்ன பண்ணுவாரு. இதை சிமுலேட்டர்ல, அதாவது தரையில இருக்கிற மாதிரி காக்பிட்ல, பழக்கி வச்சிருக்காங்க. இறங்கப் போற நேரம், கோ-பைலட் வழக்கமா சொல்ற ஒரு வார்த்தையைச் சொல்றாரு, கேப்டன்கிட்டேருந்து பதில் வரணும், வரல. இன்னொரு தடவை சொல்றாரு, அப்பவும் வரல. மூணாவது தடவை சொல்லிப் பாக்கிற வேலையே கிடையாது, "ஐ ஹேவ் கன்ட்ரோல்"னு சத்தமா சொல்லிட்டு விமானத்தைத் தன் கைக்கு எடுத்துறணும். ஆட்டோபைலட் ஓடுதான்னு பாக்கணும், கேபின்ல இருக்கிற ஆளைக் கூப்பிடணும், அவங்க வந்து மயங்கினவரோட தோள் பெல்ட்டை இறுக்கிப் பூட்டி சீட்டோட பின்னால இழுப்பாங்க, கையோ காலோ சரிஞ்சு கன்ட்ரோல்ல விழுந்துறக் கூடாது பாரு. கீழ கன்ட்ரோல் டவர்ல சொன்னா வழியை ஒதுக்கிக் கொடுத்து ஆம்புலன்ஸை ரன்வே பக்கத்துல நிறுத்திருவாங்க. இன்னொரு விஷயம், பைலட்டுங்க முடங்குறதுல அதிகமா வர்றது மாரடைப்பு இல்ல, வயித்துக் கோளாறுதான். அதுக்காகவே நிறைய கம்பெனியில ரெண்டு பேருக்கும் வேற வேற சாப்பாடுதான் கொடுப்பாங்க.

இந்தப் பழக்கமெல்லாம் உசுரைக் கொடுத்துப் படிச்ச பாடம். 1972 ஜூன்ல லண்டன் பக்கத்துல ஸ்டெய்ன்ஸ்ங்கிற ஊர்ல பிஇஏங்கிற பிரிட்டிஷ் கம்பெனி விமானம் கிளம்பின கொஞ்ச நேரத்துலயே விழுந்து 118 பேரும் இறந்துட்டாங்க. கேப்டனுக்கு வயசு 51, இதயத்துல கோளாறு இருந்தது போஸ்ட்மார்ட்டத்துல தெரிஞ்சுது, கூட இருந்த இளம் பைலட்டுக்கு இந்த மாதிரி நேரத்துல எப்படிக் கைக்கு எடுக்கணும்னு போதுமான பயிற்சி கிடையாது. அதுக்கப்புறம்தான் இந்தப் பயிற்சி மேல உலகம் முழுக்க கவனம் விழுந்துச்சு.

பழகினதோட பலனைப் பாரு. 2009 ஜூன்ல பிரஸ்ஸல்ஸ்லேருந்து அமெரிக்காவுக்குப் போன கான்டினென்டல் விமானத்துல கேப்டன் நடுக்கடல் மேலேயே இறந்துட்டாரு, அவருக்கு 60 வயசு, கூட இருந்தவங்க பத்திரமா இறக்கினாங்க, பயணிகள்ல நிறைய பேருக்கு கீழ இறங்கின பிறகுதான் விஷயமே தெரியும். 2015ல அமெரிக்கன் ஏர்லைன்ஸ்ல 57 வயசு கேப்டன் பறக்கும்போதே இறந்தாரு, அங்கேயும் கோ-பைலட் விமானத்தை பத்திரமா இறக்கிட்டாரு. 57 வயசுங்கிறது பழைய 60 விதிக்கும் உள்ளதான் வரும், அதையும் யோசிச்சுப் பாரு. 2023 ஆகஸ்ட்ல நாக்பூர்ல ஒரு இண்டிகோ பைலட் விமானத்துக்குப் போற கேட்லயே சரிஞ்சு விழுந்து இறந்தாரு, அவருக்கு 40.

அதனால நரையைப் பாத்துப் பயப்பட வேண்டாம் தங்கச்சி. 60 தாண்டின கேப்டனுக்கு ஆறு மாசத்துக்கு ஒரு தடவை முழு மெடிக்கல் உண்டு, ஆறு மாசத்துக்கு ஒரு தடவை சிமுலேட்டர்ல பரீட்சை உண்டு, ரெண்டுல எதுல தவறினாலும் அன்னைக்கே தரையில உக்கார வச்சிருவாங்க. 2009 ஜனவரியில நியூயார்க்ல ரெண்டு இன்ஜினும் போன விமானத்தை ஹட்சன் ஆத்துல இறக்கி 155 பேரையும் காப்பாத்தின சல்லன்பர்கருக்கு அப்போ 57 வயசு. 1989ல கன்ட்ரோல் மொத்தமும் செத்துப் போன விமானத்தை அயோவாவுல தரைக்குக் கொண்டு வந்து, 296 பேர்ல 184 பேரு பிழைக்கக் காரணமா இருந்த கேப்டன் ஆல் ஹேன்ஸுக்கும் 57தான்.

எங்க ஊர்ல 70 வயசுலயும் ஆழ்கடலுக்கு போறாவ. அலையும் காத்தும் அவியளுக்கு வயசு பாக்குதா? பைலட்டுக்கு மட்டும் எதுக்கு இந்தச் செல்லம்?
– மீனவர், தூத்தூர்

அண்ணே, உங்க ஊர் ஆட்கள் சுறாவுக்கும் சூரைக்கும் வாரக்கணக்கா கடல்ல கெடக்குறது எனக்குத் தெரியும், அந்த அனுபவத்துக்கு முன்னால நான் பேச ஒண்ணும் இல்ல. ஆனா அவிய போறது சொந்த முடிவுல, கூட வர்றவனுக்கும் யாரு கூட போறோம்னு தெரியும், அவன் பேரு, அவன் கை, அவன் கண்ணு எல்லாம் தெரியும். விமானத்துல டிக்கெட் எடுக்கிறவனுக்கு முன்னால இருக்கிறது யாருன்னே தெரியாது, தேர்ந்தெடுக்கவும் முடியாது. அந்தத் தெரியாத ஆளு சார்பா யாராவது ஒருத்தரு கண்டிப்பா பாக்கணும், அதுக்குத்தான் விதி. அமெரிக்காவுல சொந்த பிளேனை 80 வயசுலயும் ஓட்டலாம், உடம்பு சரியா இருந்தா தடை இல்ல. காசு வாங்கிட்டு ஆள் ஏத்துற ஏர்லைன்ஸ்னு வந்தாத்தான் 65. தரையில உக்காந்து விமானத்துக்கு வழி சொல்ற கன்ட்ரோலருக்கு அங்க 56லயே கட்டாய ஓய்வு, இதையும் சேத்துப் பாருங்க.

ஆனா உங்க கேள்வியில இருக்கிற நியாயத்தை நான் விடல. 70 வயசுலயும் சில பேருக்கு கண்ணும் புத்தியும் கத்தி மாதிரி இருக்கும், 50லயே சில பேருக்கு மங்கிரும். வயசு ஒரு தோராயம்தான்.

மகன் கமர்ஷியல் பைலட் லைசன்ஸ் முடிச்சு வந்து வீட்டுல இருக்கான். வீட்டை வச்சு லோன் எடுத்தது. வயசானவிய சீட்டை விடாம இருந்தா எங்க பிள்ளைகளுக்கு எப்போ வேலை கிடைக்கும்? நீங்க அவிய பக்கமா எங்க பக்கமா?
– ஒரு அப்பா, மார்த்தாண்டம்

அண்ணே, உங்க பக்கம்தான். வீட்டுப் பத்திரத்தை பேங்க்ல வச்சுட்டு ராத்திரி எப்படித் தூக்கம் வரும்னு எனக்குத் தெரியும், அதனாலதான் உண்மையை உள்ளபடி சொல்லணும்.

ஒரு கேப்டன் 65ல இறங்கினா அந்த சீட்டு நேரா உங்க மகனுக்கு வராது. உங்க மகன்கிட்ட இருக்கிறது 200 மணி நேரத்துல வாங்குற லைசன்ஸ், கேப்டன் ஆகிறதுக்கு ஏடிபிஎல் லைசன்ஸ் வேணும், அதுக்கு 1,500 மணி நேரம் குறைஞ்சபட்சம், கம்பெனிங்க அதுக்கு மேலயும் கேக்கும். நம்ம நாட்டுல தட்டுப்பாடு கேப்டனுக்குத்தான், புதுசா லைசன்ஸ் வாங்கின பிள்ளைகள் வரிசையில நின்னுட்டு இருக்காங்க. ஒவ்வொரு விமானத்துலயும் ஒரு கேப்டன் இருந்தாத்தான் ஒரு கோ-பைலட் பறக்க முடியும், புதுப் பையனுக்கு லைன் ட்ரெயினிங், அதாவது நிஜ ஃபிளைட்ல பக்கத்துல உக்கார வச்சுப் பழக்குறது, கொடுக்கவும் அனுபவம் உள்ள கேப்டன்தான் வேணும். கேப்டன் குறைஞ்சா விமானம் தரையில நிக்கும், உங்க மகனும் தரையில நிப்பான். 2025ல ஏர் இந்தியா தன் பைலட்டுகளை 65 வரைக்கும் வச்சுக்கிடலாம்னு முடிவு பண்ணினதுக்கு இந்தத் தட்டுப்பாடும் ஒரு காரணம்னுதான் நான் நினைக்கேன்.

இது இன்னைக்கு உள்ள நிலைமை. நாளைக்கு என்ன ஆகும்னு பாத்தா உங்க கோபம் நியாயமானது. மேல இருக்கிறவரு ரெண்டு வருஷம் கூட உக்காந்தா அவருக்குக் கீழ உள்ள அத்தனை பேருக்கும் ரெண்டு வருஷம் தள்ளிப் போகும், கோ-பைலட் கேப்டன் ஆக மாட்டான், அவன் சீட்டு காலியாகாது, கடைசியில வாசல்ல நிக்கிற பிள்ளைக்கு கதவு திறக்காது. ஏர்லைன்ஸ்ல எல்லாம் சீனியாரிட்டி, எந்த விமானம், எந்த ரூட், எந்த மாசம் லீவு, அத்தனையும் சீனியாரிட்டி வச்சுத்தான்.

எனக்குக் கோபம் வர்ற இடம் வேற. 2025 டிசம்பர்ல என்ன நடந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா. பைலட்டுக்கு ஓய்வு போதாதுன்னு நம்ம நாட்டு விமானத்துறையான டிஜிசிஏ புது விதி கொண்டு வந்துச்சு, வார ஓய்வு 36 மணி நேரத்துலேருந்து 48, ராத்திரி லேண்டிங் வாரத்துக்கு ஆறுலேருந்து ரெண்டு. விதி வரப் போறது முன்னாடியே எல்லாருக்கும் தெரியும், ரெண்டு கட்டமாத்தான் கொண்டு வந்தாங்க. இருந்தும் நாட்டுலயே பெரிய கம்பெனியான இண்டிகோவுல அதுக்கேத்த ஆள் இல்லாம ஒரே நாள்ல ஆயிரத்துக்கு மேல ஃபிளைட் ரத்து, ஜனங்க ஏர்போர்ட் தரையில படுத்துக் கெடந்தாங்க, கடைசியில என்ன பண்ணினாங்க, ராத்திரி வேலை விதியில அந்தக் கம்பெனிக்குத் தற்காலிகமா விலக்கு கொடுத்தாங்க. உங்க மகன் மாதிரி பிள்ளைகள் வீட்டுல இருக்க, இருக்கிற பைலட்டுகளையே பிழிஞ்சு எடுக்கிறாங்க, அதுக்கு ஓய்வு விதியைத் தளர்த்துறாங்க, அடுத்து வயசு விதியையும் தளர்த்தணும்னு வருவாங்க. ஆளை முன்கூட்டியே எடுத்துப் பழக்காம விட்டுட்டு, பற்றாக்குறைன்னு சொல்லி பாதுகாப்பு விதியில கை வைக்கிறது, இதுதான் அநியாயம்.

மகன்கிட்ட சொல்லுங்க, வேலை வர்ற வரைக்கும் மெடிக்கல், இன்ஸ்ட்ரூமென்ட் ரேட்டிங் (வெளிய பாக்காம கருவியை வச்சே ஓட்டுற தகுதி), லைசன்ஸ் மூணும் காலாவதி ஆகாமப் பாத்துக்கிடணும். சின்ன விமானம், ஃபிளையிங் கிளப்ல இன்ஸ்ட்ரக்டர் வேலை கிடைச்சாலும் விடக் கூடாது, மணி நேரம் ஏறும். டைப் ரேட்டிங்குக்கு, அதாவது ஒரு குறிப்பிட்ட வகை விமானத்தை ஓட்டுற தகுதிக்கு, இன்னொரு லோன் எடுக்கலாமான்னு யாராவது கேட்டா, வேலைக்கான ஆர்டர் கையில இல்லாம எடுக்காதீங்க அண்ணே.

பைலட் வயசைப் பத்தியே பேசுகீங்க, ஏர் ஹோஸ்டஸ் பிள்ளைகளுக்கு என்ன விதி இருந்துச்சுன்னு தெரியுமா?
– வாசகி, நாகர்கோவில்

தெரியும்மா, இதைக் கேட்டதுக்கு உங்களுக்கு நன்றி சொல்லணும். ஏர் இந்தியாவுல ஒரு காலத்துல ஏர் ஹோஸ்டஸ்னா 35 வயசுல வீட்டுக்கு, இல்ல வேலைக்குச் சேந்து நாலு வருஷத்துக்குள்ள கல்யாணம் பண்ணினா வீட்டுக்கு, இல்ல முதல் பிரசவம்னு தெரிஞ்சா வீட்டுக்கு, இதுல எது முதல்ல வருதோ அது. 35க்கு மேல நீட்டிக்கிறது நிர்வாக இயக்குநர் மனசு வச்சா உண்டு. அதே விமானத்துல கூட வேலை பாக்கிற ஆம்பிளைக்கு 58. ஏர் ஹோஸ்டஸ் நர்கேஷ் மிர்சா வழக்குல 1981ல உச்ச நீதிமன்றம், கர்ப்பமானா வேலை போகும்ங்கிற விதியை பெண்மைக்கே அவமானம்னு தூக்கிப் போட்டுச்சு, இயக்குநர் இஷ்டத்துக்கு நீட்டிக்கிறதையும் ரத்து பண்ணிச்சு. ஆனா கல்யாண விதியை மட்டும் அன்னைக்கு ஏத்துக்கிட்டாங்க, எனக்கு இன்னைக்கும் அது ஜீரணிக்க முடியாத விஷயம்.

அவசர நேரத்துல கதவைத் திறந்து 90 செகண்டுல அத்தனை பேரையும் வெளிய தள்ளுற வேலை அவங்களுது. அந்த வேலைக்கு 35 வயசு தாண்டினா என்ன குறைஞ்சிரும்? பாதுகாப்புக்கும் அந்த வரம்புக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, அழகா இருக்கணும்ங்கிற ஒரே எண்ணம். வயசு விதின்னு எது வந்தாலும் அதை யாருக்காக, எதுக்காகப் போட்டாங்கன்னு கேக்கணும்னு நான் சொல்றதுக்கு இதை விட உதாரணம் வேண்டாம்.

சுத்தி வளைக்காம சொல்லுங்க, 67 வேணுமா வேண்டாமா? வேற நாட்டுல எப்படி?
– வாசகர், திங்கள்சந்தை

இன்னைக்கு வேண்டாம்.

வேற நாட்டு விஷயத்தை முதல்ல சொல்லிருதேன். ஜப்பான்ல 2015லேருந்தே 67 வரைக்கும் ஓட்டலாம், கூடுதல் மெடிக்கல் நிபந்தனையோட. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடாவுல உள்நாட்டு விமானத்துக்கு அரசாங்கம் வரம்பே வைக்கல. ஆனா ஐகாவோ விதி 65ன்னு இருக்கிறதால, அந்த நாட்டு 66 வயசு பைலட் வேற நாட்டு வானத்துக்குள்ள வரும்போது அந்த நாடு முடியாதுன்னு சொல்லலாம். அதனால இந்தியா மட்டும் தனியா மாத்தினாலும் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் அது செல்லாது. அமெரிக்காவுல 2023ல பிரதிநிதிகள் சபை 67ன்னு மசோதா நிறைவேத்திச்சு, செனட்ல நிக்கல, 2024 மே மாசம் வந்த சட்டத்துல அது இல்ல. 2025ல மான்ட்ரியல்ல நடந்த ஐகாவோ கூட்டத்துல விமான கம்பெனிகள் சங்கமான ஐயாட்டா 67 வேணும்னு கேட்டுச்சு, அங்கேயும் ஏத்துக்கிடல.

நான் ஏன் வேண்டாம்ங்கிறேன்னா, கூட்டணும்னு சொல்றவங்க முன்னால வைக்கிற முதல் காரணம் ஆள் பற்றாக்குறை. அது கம்பெனியோட கஷ்டம், பயணியோட பாதுகாப்புக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. 1959ல கம்பெனி வசதிக்கு கோட்டைக் கீழ கிழிச்சாங்க, இப்போ கம்பெனி வசதிக்கு அதே கோட்டை மேல தள்ளச் சொல்றாங்க, ரெண்டுமே தப்பு. 65லேருந்து 67க்குப் போகணும்னா அதுக்குக் கேக்க வேண்டிய கேள்வி வேற. 65, 66 வயசுல எத்தனை பேரு ஒரு சதவீத விதிக்குள்ள நிக்கிறாங்க? ஞாபக சக்தி, திடீர்னு ரெண்டு வேலை சேந்து வரும்போது முடிவெடுக்கிற வேகம், ராத்திரி நேரம் தூக்கம் கெட்டா மறுநாள் எவ்வளவு மங்குது, இதையெல்லாம் அளக்கிற சோதனையை ஆறு மாச மெடிக்கல்ல சேத்திருக்காங்களா? இப்போ இருக்கிற மெடிக்கல் இதயத்தையும் கண்ணையும் காதையும் நல்லாப் பாக்குது, புத்தியோட வேகத்தை அந்த அளவுக்குப் பாக்கல. அந்தச் சோதனையை எல்லா நாடும் ஒத்துக்கிடுற மாதிரிக் கொண்டு வரட்டும், அதுல தேறினவரு 67 என்ன, 68 வரைக்கும் ஓட்டட்டும், நான் நிம்மதியா அவரு பின்னால உக்காருவேன். அந்தச் சோதனையில 58 வயசுல ஒருத்தர் தவறினா அவரையும் அன்னைக்கே இறக்கணும், அதுக்கும் கம்பெனியும் சங்கமும் சம்மதிக்கணும். ஒரு பக்கம் மட்டும் சம்மதிக்கிறது நடக்காது.

65 முடிஞ்சா அவங்க என்ன பண்ணுவாங்க?
– வாசகர், அருமனை

சிமுலேட்டர்ல சொல்லிக் கொடுக்கிறது, கம்பெனியில பாதுகாப்புப் பிரிவு, ரூல்ஸ் எழுதுற வேலை, இப்படிப் போவாங்க. சிமுலேட்டர்ல கோ-பைலட் பிள்ளைகளுக்குப் பக்கத்துல ஒரு பழைய கேப்டன் உக்காந்து, இன்ஜினை அணைச்சு விட்டு, பனி மூட்டம் போட்டு விட்டு, "இப்போ என்ன பண்ணுவே"ன்னு நிதானமா கேக்கிறதைப் பாத்திருக்கேன், அந்த அனுபவம் வீணாகப் போகக் கூடாது. நம்ம நாட்டுல இன்னும் அதிகமா அவங்களை இதுக்குப் பயன்படுத்தணும்னு என் ஆசை.

நான் பிளஸ் ஒன் படிக்கேன், பொண்ணு. பைலட் ஆகணும். கண்ணாடி போட்டிருக்கேன். 65 வரைக்கும் ஓட்ட முடியுமா அங்கிள்?
– மாணவி, கொட்டாரம்

முடியும் மக்ளே. கண்ணாடி தடையே இல்ல, கண்ணாடி போட்டுப் பாத்து அளவுக்குள்ள தெரிஞ்சா போதும், ஆனா நிறக்குருடு இருக்கக் கூடாது. பிசிக்ஸும் மேத்ஸும் எடுத்திருக்கேன்னா பாதை நேரா இருக்கும். உலகத்துல எங்கேயும் விட இந்தியாவுல பெண் பைலட்டுங்க விகிதம் அதிகம், அதனால தைரியமா வா.

ஒண்ணே ஒண்ணு மட்டும் அப்பா அம்மாகிட்ட காட்டு, இந்த வரியை. எந்த ஃபிளையிங் ஸ்கூலுக்கும் ஒரு ரூபா கட்டுறதுக்கு முன்னாடி, டிஜிசிஏ அங்கீகரிச்ச டாக்டர்கிட்ட கிளாஸ் 2ன்னு சொல்ற ஆரம்ப மெடிக்கல் எடுக்கணும், அது கிடைச்சதும் கமர்ஷியல் பைலட்டுக்கு வேண்டிய கிளாஸ் 1 மெடிக்கலும் எடுத்துரணும், ரெண்டும் கையில வந்த பிறகுதான் அட்மிஷன். காசைக் கட்டி பாதி பறந்த பிறகு மெடிக்கல்ல தவறினா அந்தப் பணம் திரும்ப வராது. கிளாஸ் 1 கையில வந்ததும் இதே பக்கத்துக்கு எழுது, எந்த ஸ்கூல்ல என்னென்ன கேக்கணும்னு அப்போ விவரமா சொல்லுகேன்.